பாட்டுக் கேக்கிற நேரமே இது?

2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட் பண்ணினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நான் அப்போதுதான் ஏ.எல். எழுதி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். பவர் பாங்க் செத்துவிட்டது. ஃபோனில் 4 வீதம்தான் மிச்சம். பாட்டுக் கேட்க முடியாமல் விறாந்தையில் இருந்து புறுபுறுத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உதுக்கே உந்தப் பாடு? நாங்கள் சைக்கிளைச் சுத்திச் சுத்தி எல்லோ பாட்டுக் கேட்டனாங்கள்."

அதுவரைக்கும் அம்மா இந்தக் கதையைச் சொன்னதே இல்லை. இடப்பெயர்வு, செல்லடி, பங்கர், வரிசையில் நின்று மண்ணெண்ணெய் வாங்கினது எல்லாம் சொல்லியிருக்கிறா. ஆனால் பாட்டுக் கேட்ட கதை வந்ததே கிடையாது. நான் கதையைத் தொடர்ந்து கேட்கக் கேட்க, அவ சொல்லிக்கொண்டு வந்து ஒரு இடத்தில் டக்கென்று நிப்பாட்டினா. "போதும் பிள்ளை. சனம் சாகேக்கை நாங்கள் பாட்டுக் கேட்டனாங்கள் எண்டு சொல்லுறதும் ஒரு கதையே" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

இப்போது நான் கம்பஸில் வரலாறு படிக்கிறேன். போன செமெஸ்டரில் குடும்ப வரலாறு ஒன்றை எழுதச் சொன்னபோது இந்த றேடியோக் கதையை எழுதப் போகிறேன் என்று சொன்னேன். "போர்க்காலத்தைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கு, பாட்டுக் கேட்டதுதான் கிடைச்சதோ?" என்று பட்ச் பெடியன் ஒருத்தன் கேட்டான். அவன் பகிடியாகத்தான் கேட்டான். ஆனால் அம்மா குசினிக்குள் போகும்போது சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான் என்று எனக்குப் பட்டது. பிறகு வாசிக்க வாசிக்கத்தான் தெரிந்தது, "பாட்டுக் கேக்கிற நேரமே இது?" என்ற கேள்வி எங்கட றேடியோவுக்குப் புதிதில்லை, அது 70 வருசத்துக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது என்று.

*ஒரு மந்திரி நிப்பாட்டின பாட்டு*

கதை கொழும்பில் தொடங்குகிறது. இலங்கையில் வானொலி 1925 டிசம்பரில் வந்துவிட்டது. தந்தித் திணைக்களத்தில் இருந்த எட்வேர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் பாகங்களை வைத்து ஒலிபரப்பியைக் கட்டினார் என்பார்கள். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் நேச நாட்டுப் படைகள் தங்கட ஆட்களுக்காக ரேடியோ சியாக் என்ற நிலையத்தை இங்கே நடத்தின. படையினருக்குப் பாட்டும் செய்தியும் தூரம் வரைக்கும் போக வேண்டும் என்பதற்காகச் சக்தி கூடிய சிற்றலை ஒலிபரப்பியைப் போட்டார்கள். போர் முடிந்தது, படைகள் போயின, கருவிகள் இங்கேயே நின்றன. 1949இல் அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. அடுத்த வருசமே வர்த்தக சேவை தொடங்கியது. சின்னத் தீவு ஒன்றின் கையில், தென்னாசியா முழுக்கக் கேட்கக்கூடிய ஒரு குரல் இருந்தது. அந்தக் குரலில் என்ன சொல்வது என்பதுதான் இனித் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

அதைத் தீர்மானிக்க உதவி செய்தவர் ஒரு இந்திய மந்திரி. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தில் பெரிய பற்று உள்ளவர். சினிமாப் பாட்டு சனத்தின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய முடிவு. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு ஒதுக்கின நேரம் சுருங்கியது. படத் தயாரிப்பாளர்களோடும் தகராறு வந்து, கடைசியில் சினிமாப் பாட்டே அந்த வானொலியில் இருந்து அநேகமாகக் காணாமல் போனது. புதுசாகச் சுதந்திரம் கிடைத்த நாட்டைக் கட்டியெழுப்புகிற நேரத்தில் காதல் பாட்டு எதற்கு என்பதுதான் அதன் உட்பொருள்.

இந்தியச் சனம் என்ன செய்தது? றேடியோவின் முள்ளைக் கொஞ்சம் திருப்பி, கொழும்பைப் பிடித்தது. அதே 1952 டிசம்பரில் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா இலங்கை வானொலியில் தொடங்கியது. பம்பாயில் ஒலிப்பதிவு செய்து, நாடாவைக் கொழும்புக்கு அனுப்பி, இங்கே இருந்து திரும்ப இந்தியாவுக்கே ஒலிபரப்பினார்கள். தமிழிலும் இதே கதைதான். எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகத் தெரியும். சென்னையில் எடுத்த படத்தின் பாட்டை மதுரையில் இருக்கிற ஆள் கேட்பதற்குக் கொழும்பு 7இல் ஒருத்தர் இசைத்தட்டைப் போட வேண்டியிருந்தது. ஐந்து வருசம் இழுத்துப் பார்த்துவிட்டு, 1957 ஒக்டோபரில் இந்தியா விவித் பாரதியைத் தொடங்கி, சினிமாப் பாட்டைத் திரும்ப வீட்டுக்குள் எடுத்தது.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், ஆரும் ஊர்வலம் போகவில்லை, கையெழுத்து வேட்டை நடத்தவில்லை. சனம் முள்ளைத் திருப்பினது, அவ்வளவுதான். அந்தச் சின்ன விரல் அசைவுக்கு முன்னால் ஒரு அரசாங்கம் தன்ர முடிவை மாற்ற வேண்டி வந்தது.

*அம்மப்பாவின் றேடியோ*

எங்கட வீட்டுக்கு றேடியோ வந்தது 60களின் கடைசியில் என்று அம்மம்மா சொல்வா. அதற்கு முதல் பெரிய வால்வு றேடியோக்கள் கரண்ட் உள்ள வீடுகளில்தான் இருந்தன. கரண்ட் இல்லாத வீட்டில் வைத்திருக்க வசதி உள்ளவர்கள் கார் பற்றறியில் பாட விட்டார்கள். ட்ரான்சிஸ்டர் வந்த பிறகுதான் றேடியோ தோட்டத்துக்கும் சலூனுக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் போனது. வருசா வருசம் லைசென்ஸ் எடுக்க வேண்டும். எங்கட வீட்டில் அந்த லைசென்ஸ் புத்தகம், காணி உறுதிக்குப் பக்கத்தில், ஒரே தகரப் பெட்டிக்குள் இருந்ததாம்.

1967இல் இலங்கை வானொலி ஒரு கூட்டுத்தாபனமாக மாறி, 1972இல் நாட்டின் பெயர் மாறினபோது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. அம்மம்மாவுக்கு இந்தப் பெயர் மாற்றங்கள் எதுவும் ஞாபகம் இல்லை. அவவுக்கு ஞாபகம் இருப்பது நிகழ்ச்சிகள்தான். காலமை பொங்கும் பூம்புனல் போகும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட வேண்டும். அதுதான் வீட்டு மணிக்கூடு. பிறந்தநாள் வாழ்த்தில் அம்மாவின் பெயர் வருமென்று ஒரு தபாலட்டை எழுதிப் போட்டுவிட்டு, அந்த நாள் வேலைக்குப் போகாமல் அம்மப்பா றேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தாராம். பெயர் வரவில்லை. அடுத்த வருசமும் போட்டாராம்.

கே.எஸ். ராஜாவின் வேகம், பி.எச். அப்துல் ஹமீதின் நிதானம், இராஜேஸ்வரி சண்முகத்தின் குரல் என்று அம்மம்மா அறிவிப்பாளர்களைப் பற்றிக் கதைப்பது சொந்தக்காரர்களைப் பற்றிக் கதைப்பது மாதிரி இருக்கும். கே.எஸ். ராஜா பிறகு கொழும்பில் கொலை செய்யப்பட்டார். "அந்த மனுசன் ஆருக்கு என்ன செய்தது?" என்று அம்மம்மா இண்டைக்கும் கேட்பா. ஒரு வீட்டுச் சாவு மாதிரித்தான்.

அந்த வீட்டிலும் இந்தக் கேள்வி இருந்திருக்கிறது. 70களில் வெளிநாட்டு இறக்குமதிகளை அரசாங்கம் கட்டுப்படுத்தினபோது இங்கே உள்ளூர்க் கலைஞர்களுக்கு ஒரு இடம் கிடைத்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்களின் தமிழ் பொப் பாட்டுகள் கல்யாண வீடு, கார்னிவல் என்று எல்லா இடத்திலும் கேட்டன. பைலாத் தாளத்தில் பேச்சுத் தமிழைப் போட்டுப் பாடினார்கள். அம்மப்பாவுக்கு அது ஆகாது. பொப் பாட்டுத் தொடங்கினால் "பிள்ளையள் படிக்கிற வீடு" என்று சொல்லி றேடியோவை நிப்பாட்டுவாராம். அவர் முத்தத்துக்கு இறங்கினதும் அம்மம்மா திரும்பப் போடுவாவாம். கேஸ்கர் தோற்ற அதே விதத்தில்தான் அம்மப்பாவும் தோற்றிருக்கிறார்.

*சுற்றினால்தான் பாடும்*

1990 நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, உரம் மாதிரி பற்றறியும் தடைசெய்யப்பட்ட சாமான். அம்மாவுக்கு அப்போது 12 வயது.

அந்தக் காலத்தில் சனம் கண்டுபிடித்த தந்திரங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரி போட்டு எரித்த சிக்கன விளக்கு. ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின கார்கள். பத்திரிகைத் தாள் இல்லாமல் பள்ளிக்கூடக் கொப்பியின் கோடு போட்ட தாளில் அச்சாகின உதயன். இதெல்லாம் சீவியத்துக்குத் தேவையானவை. வெளிச்சம், போக்குவரத்து, செய்தி.

பாட்டு எந்தப் பட்டியலில் வரும்?

மாமா, அதாவது அம்மாவின் தமையன், முதலில் செத்த பற்றறிகளை வெயிலில் காய வைத்துப் பார்த்தாராம். பிறகு ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விட்டுப் பார்த்தாராம். ஒரு செய்தி கேட்கிற அளவுக்கு உயிர் வரும், பிறகு போய்விடும். கடைசியில்தான் சைக்கிள்.

இதைக் கம்பஸில் சொன்னபோது பலர் சைக்கிளில் ஏறி ஓட வேண்டும் என்று நினைத்தார்கள். அப்படியில்லை. சைக்கிளைக் கவிட்டு, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் படுகிற மாதிரி வைக்க வேண்டும். பின் சில்லுக்கு லைற் எரிக்கிற டைனமோவைத் தட்டிவிட வேண்டும். பிறகு ஒரு ஆள் கையால் பெடலைச் சுற்ற, சில்லுச் சுழல, டைனமோவின் தலை டயரில் உரசிச் சுழலும். லைற்றுக்குப் போகிற வயரைக் கழற்றி றேடியோவுக்குக் கொடுப்பது. ஆனால் நேராகக் கொடுக்க முடியாது. டைனமோ தருவது ஏ.சி., றேடியோவுக்கு வேண்டியது டி.சி. மாமா பழுதாய்ப் போன வேறொரு றேடியோவில் இருந்து டயோட்டைக் கழற்றி இடையில் போட்டாராம். நாலு பற்றறி போடுகிற றேடியோவுக்கு ஆறு வோல்ட். டைனமோவும் ஆறு வோல்ட். பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம் மாதிரி என்று மாமா சொல்வார். அவர் அப்போது ஏ.எல். சயன்ஸ் படித்துக்கொண்டிருந்தார். தான் படித்த பௌதிகத்தில் சீவியத்துக்கு உதவினது அந்த ஒரு பாடம்தான் என்பதும் அவர் சொல்வதுதான்.

சுற்றுகிறவருக்குச் சில விதிகள் இருந்தன. மெல்லச் சுற்றினால் சத்தம் தேய்ந்து கரகரத்து நின்றுவிடும். வேகமாகச் சுற்றினால் றேடியோ எரிந்துவிடும் என்று மாமா கத்துவார். ஒரே வேகத்தில், ஒரே மூச்சில் சுற்ற வேண்டும். கசற் போட்டால் இன்னும் கஷ்டம். கை கொஞ்சம் தளர்ந்தாலும் பாடகி ஆம்பிளைக் குரலில் பாடத் தொடங்கிவிடுவா.

வீட்டில் பிள்ளைகள் நாலு பேர். ஒருத்தருக்கு ஒரு பாட்டு என்று பங்கு. அதில்தான் சண்டை. உன்ர பாட்டு மூண்டு நிமிசம், என்ர பாட்டு அஞ்சு நிமிசம். செய்தி நேரம் வந்தால் அம்மப்பாவுக்காக எல்லாரும் சேர்ந்து சுற்ற வேண்டும். இந்தியப் பக்கத்து ஸ்டேஷனில் விளம்பரம் போகிற நேரம்தான் ஓய்வு. ஆனால் சுற்றுவதை நிப்பாட்டினால் விளம்பரம் முடிந்து பாட்டுத் தொடங்கினது தெரியாதே. அதனால் எந்த விளம்பரம் எவ்வளவு நேரம், அதுக்குப் பிறகு எது வரும் என்று பாடமாக்கி வைத்திருந்தார்களாம். மனதுக்குள் எண்ணிவிட்டு, சரியாகப் பாட்டின் முதல் இசைக்குப் பெடலில் கையை வைப்பா அம்மா. யூடியூப்பில் விளம்பரத்தைத் தாண்ட ஐந்து செக்கன் பொறுக்க முடியாமல் இருக்கிற எனக்கு இதைக் கேட்க வெக்கமாக இருந்தது.

இன்னொன்றும் அம்மா சொன்னா. டைனமோ டயரில் உரசுகிற சத்தம் பெரிய இரைச்சல். றேடியோவுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குப் பாட்டு வடிவாகக் கேட்கும். சுற்றுகிற ஆளுக்குத்தான் குறைவாகக் கேட்கும். பாட்டை உண்டாக்குகிறவர்தான் அதைக் கேட்கிற கடைசி ஆள்.

1992இல் ரோஜா வந்தது. ஏ.ஆர். ரஹ்மானின் முதல் படம். அதன் பாட்டுகளில் இருந்த புதுச் சத்தம், அந்த ஆழமான பேஸ், ஸ்டீரியோவில் ஒரு காதில் இருந்து மற்றக் காதுக்கு ஓடுகிற சின்னச் சின்ன ஓசைகள் என்று நாங்கள் இப்போது ஹெட்ஃபோனில் கேட்டு வியப்போமே, அதையெல்லாம் அம்மா ஒற்றை ஸ்பீக்கர் ட்ரான்சிஸ்டரில், அலை கூடிக் குறைந்து வர, டைனமோ இரைச்சலுக்கு மேலால்தான் கேட்டிருக்கிறா. பேஸ் என்ற ஒன்றே அவவுக்குக் கேட்டிருக்காது. போன வருசம் என்ர ஹெட்ஃபோனை அவவின் காதில் வைத்து அந்தப் பாட்டைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது வேற பாட்டுப் போல கிடக்கு" என்றா. பிறகு, "அதுதான் எனக்குப் பிடிச்சது" என்றா.

இரவில் செய்தி. பிபிசி தமிழோசைக்கு அந்த ஒழுங்கை முழுக்க எங்கட முத்தத்துக்கு வருமாம். தங்கட ஊரில் என்ன நடந்தது என்று லண்டனில் இருந்து தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. சைக்கிளைச் சுற்ற பக்கத்து வீட்டுப் பெரிய ஆட்களும் முறை வைத்து வருவார்கள். செய்தி முடிந்ததும் கொஞ்சப் பேர் எழும்பிப் போவார்கள். கொஞ்சப் பேர் போகமாட்டார்கள். "தம்பி, வேற ஏதும் கேக்குதோ பார்" என்பார்கள். அந்த "வேற ஏதும்" என்றால் பாட்டு. நேரடியாகக் கேட்க ஒரு கூச்சம் இருந்திருக்கிறது. செய்திக்காகச் சுற்றின கையில் மிச்சம் இருக்கிற பலத்தில்தான் பாட்டு வந்தது.

*அம்மா நிப்பாட்டின இடம்*

இது மட்டும் என்றால் இது ஒரு நல்ல கதை. ஒரு மந்திரி பாட்டை நிப்பாட்டினார், சனம் வென்றது. ஒரு தடை வந்தது, சனம் சைக்கிளைச் சுற்றி வென்றது. நானும் அப்படித்தான் எழுதி முடித்திருப்பேன். ஆனால் அம்மா 2022இல் பாதியில் நிப்பாட்டின கதையைப் போன மாதம்தான் சொல்லி முடித்தா.

1995 ஒக்டோபர் 30 இரவு. வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவு. எங்கட வீட்டிலும் வெளிக்கிட்டார்கள். அம்மாவுக்கு 17 வயது. அம்மம்மா அரிசியும் உடுப்பும் கட்ட, மாமா றேடியோவைச் சாறத்தில் சுற்றிச் சைக்கிள் கரியரில் வைத்தாராம். "சோத்துக்கு வழியில்லை, உதைக் காவுறான்" என்று அம்மம்மா பேசிக்கொண்டே நடந்தாவாம். மழை. சனத்துக்குள் சைக்கிளை உருட்டக்கூட முடியவில்லை. ஆறேழு மைல் நடக்க விடியவிடிய எடுத்தது.

ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். ஒரு வகுப்பறையில் ஐந்தாறு குடும்பம். இரண்டு மூன்று நாளைக்குப் பிறகு மாமா சைக்கிளைக் கவிட்டு றேடியோவைக் கொழுவினார். செய்திக்கு அந்தப் பள்ளிக்கூடமே கூடினது. செய்தி முடிந்தது. சனம் கலைந்தது. மாமா முள்ளைத் திருப்ப, எங்கேயோ ஒரு ஸ்டேஷனில் பாட்டு ஒன்று போனது. அம்மாவுக்குத் தெரிந்த பாட்டு. அம்மா தன்னை அறியாமல் கூடவே முணுமுணுத்திருக்கிறா.

அதே வகுப்பறையில் ஒரு அம்மா இருந்தாவாம். வழியில் சனத்துக்குள் மகனைத் தவறவிட்டவ. எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்று தெரியாது. அவ தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாவாம். ஒன்றும் சொல்லவில்லை. பேசவில்லை, அழவில்லை. பார்த்தா, அவ்வளவுதான். அம்மா எட்டி றேடியோவை நிப்பாட்டினா. அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த நாள் முழுக்கச் செய்தி மட்டும்தான்.

"அவ என்ன நினைச்சாவோ தெரியாது" என்றா அம்மா. "பேசினா எண்டால் மறந்திருப்பன்."

பிறகு அந்தக் குடும்பம் வேறெங்கோ போய்விட்டது. மகன் கிடைத்தானா என்று அம்மாவுக்குத் தெரியாது. 30 வருசமாகிறது. ஆராவது போர்க்காலத்தில் நீங்கள் எப்படிப் பொழுது போக்கினீர்கள் என்று கேட்டால் அம்மாவுக்கு முதலில் வருவது அந்தப் பார்வை. அதனால்தான் இத்தனை வருசமும் அவ பங்கரையும் செல்லையும் மட்டும் சொன்னா. சைக்கிளைச் சொல்லவில்லை.

*ஒரே கேள்வி, வேறு வேறு ஆட்கள்*

இதைக் கேட்ட பிறகு எனக்கு எழுத வைத்திருந்த முடிவை எழுத முடியவில்லை. "பாட்டு எப்போதும் வெல்லும்" என்று எழுதினால் அந்த வகுப்பறையில் இருந்த அம்மாவை நான் கேஸ்கருக்குப் பக்கத்தில் நிற்பாட்டினதாகிவிடும். அது பிழை.

கேள்வி ஒன்றுதான், ஆனால் கேட்கிறவர்கள் ஒரே ஆட்கள் இல்லை. மேலே இருந்து ஒருத்தர், "இது பாட்டுக் கேக்கிற நேரமில்லை, நாட்டைக் கட்டுகிற நேரம்" என்று சொன்னால், முள்ளைத் திருப்பலாம். அதில் குற்றம் எதுவும் இல்லை. தடை போட்டு, உனக்குப் பற்றறி தேவையில்லை என்று ஆராவது தீர்மானித்தால், சைக்கிளைக் கவிட்டு வைக்கலாம். ஆனால் பக்கத்தில் பாயில் இருக்கிற ஒரு தாய் ஒன்றும் பேசாமல் கேட்டால், நிப்பாட்டத்தான் வேண்டும். அம்மா அன்றைக்கு நிப்பாட்டினது தோல்வி இல்லை. அவ ஐந்து வருசமாகச் சைக்கிளைச் சுற்றிக் கேட்டதும் குற்றம் இல்லை. இரண்டும் ஒரே ஆள் செய்தது. ஒரே 17 வயதுப் பிள்ளை.

பிழை எங்கே நடந்தது என்றால், அந்த ஒரு இரவுக்கு உரிய மௌனம் 30 வருசம் நீண்டதில்தான். அம்மா மட்டுமில்லை, இந்தக் கதைக்காக நான் கதைத்த அம்மாவின் வயதுக்காரர் கன பேர் பாட்டுக் கதையைச் சிரித்துக்கொண்டு தொடங்கி, "அது கிடக்கட்டும்" என்றுதான் முடித்தார்கள். போர்க்காலத்தைப் பற்றிக் கேட்கிறவர்களும் எங்களிடம் துன்பத்தைத்தான் கேட்கிறார்கள். அதனால் நாங்களும் அதை மட்டும் எடுத்துக் கொடுக்கப் பழகிவிட்டோம். அப்படிக் கொடுக்கும்போது 12 வயதில் விளம்பரத்தை எண்ணிக்கொண்டு பெடலில் கையை வைத்த பிள்ளை கதையில் இருந்து விழுந்துவிடுகிறா. மிஞ்சுவது பங்கருக்குள் இருந்த ஒரு உருவம் மட்டும். தடை போட்டவர்களுக்கும் அவ அப்படி ஒரு உருவமாகத்தான் தெரிந்திருப்பா. அவவுக்குப் பிடித்த பாட்டு ஒன்று இருந்தது என்பதை எழுதாவிட்டால், நாங்களும் அவவை அப்படித்தான் பார்த்தோம் என்று ஆகிவிடாதா?

வரலாற்றுப் பாடத்தில் எங்களுக்கு ஆவணம், சான்று என்று நிறையச் சொல்லித் தருகிறார்கள். பழைய பத்திரிகையைப் புரட்டினால் அன்றைய வானொலி நிகழ்ச்சி நிரல் கிடைக்கும். எத்தனை மணிக்கு எந்த நிகழ்ச்சி என்று இருக்கும். ஆனால் அதைக் கேட்பதற்காக எத்தனை கைகள் எத்தனை தரம் சுற்றின என்பது எந்த நிரலிலும் இருக்காது. அது இப்போது 45, 50 வயதில் இருக்கிற ஆட்களின் தோள்மூட்டு நோவில்தான் இருக்கிறது. பிபிசி தமிழோசையின் வானொலிச் சேவை 2017இல் நின்றுவிட்டது. ட்ரான்சிஸ்டர்கள் பரணில் கிடக்கின்றன. இப்போது வருகிற சைக்கிள்களில் டைனமோவைக் காண்பதே அருமை. ஆட்களும் இன்னும் 20, 30 வருசம்தான்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரோஜாப் பகுதிக்குச் சிரித்தா. பள்ளிக்கூடப் பகுதி வந்தபோது கையில் இருந்த கீரையை ஆய்வதை நிப்பாட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. இதைப் போடலாமா, வேண்டாமா என்று கேட்டேன். கன நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"போடு" என்றா பிறகு. "ஆனா என்ர பேரைப் போடாதை. அந்த அம்மாட பேர் தெரிஞ்சிருந்தால் போட்டிருக்கலாம்."

உங்கட வீட்டிலும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. செல் விழுந்ததைக் கேட்ட பிறகு, என்ன பாட்டுக் கேட்டனீங்கள் என்றும் கேளுங்கோ. நிப்பாட்டினால் அவசரப்படுத்தாதைங்கோ. எங்கட அம்மாவுக்கு அந்தக் கதையைச் சொல்லி முடிக்க மூன்று வருசம் எடுத்தது.